மாப்பிள்ளை ஊற்றிய எண்ணெய்

காரின் கூரையில் ஓட்டை போட்டு அதற்குக் கண்ணாடி வைப்பது எந்த ஊர்ப் புத்தி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெயிலுக்கு ஏங்கிக் கிடக்கிற நாட்டுக்காரன் எவனோ செய்திருப்பான். சேர்வராயன் மலையில் பாதி வருஷம் மழை, மீதியில் பாதி பனி. அங்கே அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினவரை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எண்பதுகளில் கொஞ்ச காலம் ஏற்காட்டில் ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில் இருந்தேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சங்ககிரியில் லாரி கிளீனர், மேட்டூரில் வெல்டிங் கடை, இன்னும் என்னென்னவோ. எந்த ஊரிலும் அடுத்த தீபாவளி வரை தங்கியதில்லை. ஏற்காட்டில் தகரக் கொட்டகைக்குள் பழைய டயர்களுக்கு நடுவில் படுப்பேன். டயர் காற்றை மறைக்கும். மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டால் தூக்கம் வந்துவிடும்.

அந்தக் கார் வெள்ளக்கடைப் பக்கம் இருந்த ஒரு காபி எஸ்டேட்டுடையது. முதலாளி சேலத்தில் இருந்தார். சனி, ஞாயிறு மேலே வருவார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய யாரிடமோ வாங்கிய வண்டி. கூரைக் கண்ணாடியை உள்ளேயிருந்து ஒரு கைப்பிடியைச் சுற்றித் திறக்க வேண்டும். அதை ஓட்டிய டிரைவர் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் அதே எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்தவர்கள். பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு அவருக்குக் கொடுத்திருந்தார்கள். டிரைவர் வேலை இருக்கும்வரை அந்த வீடு. மனைவி, பத்தாவது படிக்கும் மகள். வெளியே சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி முதலாளியின் தொடையில் சொட்டியிருக்கிறது. இன்னொரு தடவை இந்தக் கூரையால் தொந்தரவு வந்தால் வீட்டைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒழுகுவதற்கும் டிரைவருக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்க ஆளில்லை. டிரைவர் நேராக என்னிடம் வந்தார்.

அந்த மாதிரிக் கூரையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ரப்பர் பீடிங்கைத் தாண்டி வரும் மழைத் தண்ணீர் அதில் விழுந்து, மூலைக் குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் போய்விட வேண்டும். கார் நின்றதோ சில்வர் ஓக் மரத்தடியில். இலைத் தூளும் பாசியும் செத்த தேனீயும் சேர்ந்து குழாயை அடைத்திருந்தன. ஸ்கூட்டர் கிளட்ச் கேபிளின் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தேன். வாய் வைத்து ஊதியபோது கறுப்புத் தண்ணீர் திரும்பி என் வாய்க்குள்ளேயே வந்தது. கடைசியில் டிரைவரின் மனைவி ஏணியில் ஏறிக் குடத்துத் தண்ணீரைக் கூரையில் ஊற்றினார். எல்லாம் கீழே டயர் ஓரமாகப் போனது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டிரைவரே அந்தக் கம்பியை விட்டுச் சுத்தம் செய்தார். மழைக்காலம் முழுக்க ஒழுகவில்லை.

தை மாதம் முதலாளியின் மாப்பிள்ளை கூட்டாளிகளோடு மேலே வந்தார். பகோடா பாயிண்ட் போகிற வழியில், மத்தியான வெயில் இருந்தபோது கூரையைத் திறக்கச் சொல்லி, தலையை வெளியே நீட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மேகம் இறங்கித் தூறல் போட்டது. கைப்பிடி சுற்றவில்லை. கண்ணாடி அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வருவதற்குள் எல்லோரும் தெப்பலாக நனைந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் எனக்கு ஆள் வந்தது.

கண்ணாடி நகருவதற்குத் தண்டவாளம் மாதிரி இரண்டு பக்கமும் இருக்கும் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ இறுகிக் கிடந்தது. விரலால் தோண்டினேன். உள்ளங்கையில் உருகியது. தேங்காய் எண்ணெய். மலையில் இருப்பவர்கள் தை மாதம் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்பார்கள். இல்லாவிட்டால் கல் மாதிரி இருக்கும். யார் ஊற்றியது என்று டிரைவரைக் கேட்டேன். அவர் பங்களாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் சேலத்துக்கு வண்டி போச்சுதல்லொ, அப்ப கீச்சு கீச்சுன்னு சத்தம் வருதுன்னு மாப்பிள்ளைதான் பாட்டலோட கவுத்துனாருங்க தம்பி. நீங்க சொல்லிப்போடாதீங்க. மாப்பிள்ளைய சொன்னா ஊடே போயிரும்."

வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி, எப்படியோ கண்ணாடியை மூடினேன். வராந்தாவில் முதலாளி நின்றிருந்தார். மாப்பிள்ளை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் இறுகியிருக்கிறது, கூரையின் உள் துணியைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக் கிரீஸ் வைத்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். எவன் ஊற்றினான் என்று முதலாளி கேட்டார். டிரைவர் தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு சுளையிலிருந்து நாரை உரித்தார். மெதுவாக, ஒவ்வொன்றாக உரித்தார். அந்த விரல்களை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

"அப்ப நீதானாடா?" என்று முதலாளி டிரைவரைக் கேட்டார்.

"அவர் இல்லைங்க. சேலத்துல ஊத்துனதுங்க" என்றேன்.

போன வாரம் சேலத்தில் வண்டி மாப்பிள்ளையிடம்தான் இருந்தது. முதலாளிக்குப் புரிந்துவிட்டது. ஒரு கணம் மாப்பிள்ளை பக்கம் போன கண் உடனே திரும்பிவிட்டது. பெண்ணைக் கொடுத்த இடம். கார் என்ன, பங்களாவே எரிந்தாலும் கேட்க மாட்டார்கள். என் பேச்சு காதில் விழாதது மாதிரி, வண்டியைச் சேலத்தில் பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டச் சொன்னார்.

நானும் டிரைவரும் குப்பனூர் வழியாக இறங்கினோம். அடிவாரம் வந்து வெயில் கூரையில் ஏற ஏற, எண்ணெய் இளகிவிட்டது. சேலத்தில் அந்த ஒர்க் ஷாப்காரர் ஒரே விரலால் கைப்பிடியைச் சுற்றித் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். பிறகு சிரித்தார்.

"நல்லாத்தானப்பா இருக்குது? உங்களுக்குச் சுத்தத் தெரியலீன்னு சொல்லு."

மேலே குளிரில் இறுகுகிறது என்று சொன்னேன். வண்டியை இரண்டு நாள் மேலே வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் அதற்குள் முதலாளிக்கு போன் போட்டு, வண்டியில் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு வேண்டியதும் அதுதான். வண்டியில் பழுதில்லை. மாப்பிள்ளையிடமும் பழுதில்லை. மிச்சம் டிரைவர்தான். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து சொன்னார்.

அதைக் கேட்டு நான் பங்களாவுக்குப் போனேன். என்ன பேசப்போனேன் என்று எனக்கே தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி கேட்டார்: "நீ வண்டி ஓட்டுவியல்ல? பேசாம இங்கயே சேந்துக்க. ஊடும் காலியாகுது." அவருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. உங்க வண்டியும் வேண்டாம், ஊடும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொன்னபோது என் குரல் உயர்ந்திருந்தது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

டிரைவர் வீட்டில் போய் நடந்ததைச் சொன்னேன். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஒத்துக்கிட்டிருக்கலாமல்லங்க? நீங்க ஒண்டியாளு. முன்னறைல நீங்க படுத்துக்கிட்டா, பின்னறைல நாங்க கெடந்திருப்போம். பொண்ணு பரீட்சை முடியற வரைக்குமாச்சும்."

"அந்த ஆளு மூஞ்சில தெனமும் எப்படி முழிக்கிறதுங்க?"

"நாங்க முழிக்கலீங்களா?" என்றார். "பொறந்ததுல இருந்து."

டிரைவர் அவரை அதட்டவில்லை. மகள் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை இறக்கி, பாவாடைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பதிலில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் முதலாளியிடம் கத்தியது போல அந்த அம்மாவிடம் கத்த எனக்கு வாய் வரவில்லை.

வாழவந்தியில் டிரைவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கிடைத்தது. சாமான் ஏற்றிய ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டு போனேன். இறக்கி வைத்து முடித்ததும் டிரைவர் மட்டும், டீ குடித்துவிட்டுப் போகலாம் தம்பி என்றார். அவருடைய மனைவி காது கேட்காதவர் போலப் பாயை உதறி விரித்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன்.