விலாசம் வெட்டிய மோட்டார் சைக்கிள்

பம்புசெட்டுக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, ஆனால் கிடைக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் நான் இருந்த நிலைமை அதுதான். நெற்குப்பை, நாட்டரசன்கோட்டை என்று ஊர் ஊராகப் போய் விவசாயிகளைப் பார்க்கிற வேலை. சித்திரை பிறப்பதற்குள் சொந்த மோட்டார் சைக்கிளோடு வந்தால் உத்தரவு கையில், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். புது வண்டிக்குப் பதிந்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது.

எங்கள் காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு வண்டி நின்றது. மலாயாவில் தோட்டத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்பச்சி, அதாவது என் அப்பா, அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தாரே தவிர ஒரு நாளும் ஏறி ஓட்டியதில்லை. பிறகு ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்க அவரும் உயிரோடு இல்லை.

பார்த்தாலே குழப்பும் வண்டி. சைலன்சர் முட்டிக்கு மேலே போகும். சீட் அரிவாள்மணைப் பலகை அளவுதான். பெட்ரோல் டேங்கும் சின்னது. முன்விளக்கே கிடையாது. கோட்டையூர் மெக்கானிக் அதை மூன்று சுற்று சுற்றிவந்தார். என்ஜினைத் திறந்தால் பிஸ்டன் துண்டு துண்டாக வந்தது.

"யாரோ அக்கக்காக் கழட்டிட்டு மாத்தி மாட்டியிருக்காக. இதோட புஸ்தகம் இருந்தாக் கொண்டாங்க, பாத்துச் சரி பண்ணிருவோம்" என்றார்.

மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு நாள் தூசி தின்று, வண்டியில் இருந்த அதே பெயர் போட்ட மேனுவல் ஒன்றைப் பிடித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே பாதி வேலை முடிந்த நினைப்பு. வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒரு படம்கூட எங்கள் வண்டியோடு ஒட்டவில்லை. புத்தகத்தில் சைலன்சர் கீழே, எங்களுக்கு மேலே. அங்கே இரண்டு பேர் உட்காரலாம், இங்கே ஒருவரே உட்கார முடியாது. புத்தகம் தப்பா, வண்டி தப்பா? மெக்கானிக் புத்தகத்தின் கட்சி. நான் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. புத்தகத்தை நம்பி வரவழைத்த பிஸ்டன் சிலிண்டருக்குள் போகவே மாட்டேன் என்றது. மாசியும் பாதி போய்விட்டது.

வெறுத்துப்போய் வண்டியை போட்டோ ஸ்டுடியோவுக்கே தள்ளிக்கொண்டு போனேன். போட்டோக்காரர் வண்டிக்குப் பின்னால் அருவிப் படுதாவைத் தொங்கவிட்டு மாப்பிள்ளையை எடுப்பதுபோல் எடுத்தார். அந்தப் படத்தைச் சென்னையில் உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றுக்கு அனுப்பினேன். பங்குனியில் பதில் வந்தது. இது சாலையில் போவதற்கான வண்டியே அல்லவாம். கால் தரையில் படாமல் பாறையிலும் சேற்றிலும் மெதுவாக ஏறி இறங்கும் டிரையல்ஸ் என்ற போட்டிக்காகச் செய்ததாம். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதாம். வெளியே ஒரே மாதிரி மூன்று மாடல் உண்டு, உள்ளே பிஸ்டன் வேறு வேறு, குத்துமதிப்பாக அனுப்ப மாட்டோம், என்ஜினில் வெட்டியிருக்கும் எண்ணை எழுதுங்கள் என்றிருந்தது.

மெதுவாகப் போவதற்கு ஒரு போட்டியா? அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. மண்ணெண்ணெய் போட்டு என்ஜினைத் தேய்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டு ராவிய தடம். அதன்மேல் அழகாக எங்கள் வீட்டு விலாசம்.

விலாசம் என்றால் எங்களவர்களுக்கு முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். கரண்டி முதல் அண்டா வரை அதை வெட்டாத சாமான் வீட்டில் இருக்காது. பெரியப்பச்சியும் நாங்களும் பாகம் பிரித்தபோது எங்கள் பங்குக்கு வந்ததற்கெல்லாம் ஆத்தா ஆள் வைத்து விலாசம் வெட்டினாள். வண்டியையும் அவள் விடவில்லை. ஒரு சத்தம் போட்டே தீருவது என்று உள்ளே போனேன்.

"ஏன் ஆத்தா, அதுல முன்னாடி இருந்த எழுத்தை யாரு ராவச் சொன்னது?"

"நான்தாம்ப்பா. துரை வீட்டு விலாசம் அதுல இருந்துச்சு. அடுத்தவுக எழுத்தோட ஒரு சாமானை எம் மகனுக்கு எப்பிடிக் குடுப்பேன்?"

போட வந்த சத்தத்தை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன எழுத்துன்னு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு இங்கிலீசா தெரியும்? ஏம்ப்பா, ராவியிருக்கக் கூடாதோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்."

சித்திரையில் வேலை தேவகோட்டைக்காரர் ஒருவருக்குப் போனது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. ஊர் ஊராகச் சுத்துற பொழப்பு ஒத்துவராதுன்னு நானே விட்டுட்டேன் என்று ஆத்தாவிடம் சொன்னேன். "அதுஞ் சரிதான்" என்றாள். நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.

மறுவருஷம் தங்கை கல்யாணத்துக்குப் புதுப் பாத்திரங்கள் வந்து இறங்கின. விலாசம் வெட்டுகிறவர் உளியோடு உட்கார்ந்துவிட்டார். ஆத்தா அவரைச் சற்று இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இதுல ஏற்கெனவே எதுவும் எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லுப்பா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.