கட்டைவிரலில் ஒட்டிய படம்

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், தை மாதம். ஏற்காட்டில் காபிப் பழம் பறிப்பு முடிகிற சமயம். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழம் அரைத்துக் கழுவும் கூடம் என் பொறுப்பில் இருந்தது. படிப்பு எட்டாவதுதான். ஆனால் காபி கழுவுவதில் என்னைக் குறை சொல்ல மலையில் ஆளில்லை. பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். நடந்த தப்புக்குக் காரணமும் அந்தப் பெருமைதான்.

பழத்தின் தோலை அரைத்து எடுத்ததும் கொட்டையின் மேல் பசை மாதிரி ஒரு வழுவழுப்பு இருக்கும். தொட்டியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு கை அள்ளி அமுக்கினால் நறநறவென்று கேட்க வேண்டும். வழுவழுப்பு மிச்சம் இருந்தால் காபி கெட்டுவிடும். இருபது வருஷமாக என் விரல்கள் படித்த பாடம் இது ஒன்றுதான்: வழுவழுப்பாக இருந்தால், தேய்.

அந்த மாதம் ஒரு அம்மா பங்களாவைப் பார்க்க வந்தார். எங்கள் எஸ்டேட்டில் முன்பு மேனேஜராக இருந்தவரின் மகள். போகும்போது ஒரு தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். "எல்லாம் உங்க ஆளுங்களை அப்பா எடுத்த படம். உங்ககிட்ட இருக்கிறதுதான் நியாயம்" என்றார்.

உள்ளே நாற்பது ஸ்லைடுகள் இருந்தன. ஸ்லைடு என்றால், சதுர அட்டைச் சட்டத்துக்குள் ஒரு துண்டு பிலிம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கலர் படம் தெரியும். பெரிதாகச் சுவரில் பார்க்க அதற்கென்று ஒரு மெஷின் வேண்டும். சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அவற்றை சி.டி.யில் ஏற்றித் தருகிறார்கள், டி.வி.யிலேயே பார்க்கலாம் என்று ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் ஒருவர் சொன்னார்.

பெட்டியைப் பார்த்ததும் என் மனைவி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுடைய அப்பா இறந்துவிட்டார். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. அவரைத் தெரிந்த பழைய ஆட்களும் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

"ஏனுங்க, என்னையத் தூக்கி வச்சிருக்கறப்ப தொரை ஒரு படம் புடிச்சாருன்னு எங்கம்மா சொல்லுமுங்க. அது இதுக்குள்ள இருக்குமுங்களா?"

"இருந்தா எடுத்துப்புடலாம் புள்ள. வர்ற வாரம் சேலம் போறோம், நம்ம ஊட்டு டி.வி.யில உங்கப்பனப் பாக்குற" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தாள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மலை ஈரத்தில் நிறைய ஸ்லைடுகளில் பூசணம் பிடித்திருந்தது. அழுக்கோடு கடையில் கொடுத்தால் மரியாதையா? கழுவுவது நமக்குத் தெரியாத வேலையா? பூசணம் மூடி என்ன படம் என்றே தெரியாத ஒன்றைப் பரீட்சைக்கு எடுத்தேன். அட்டையைப் பிரித்து, பிலிமை மட்டும் கை பொறுக்கும் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். பத்து நிமிஷத்தில் எடுத்தால், வழுவழுவென்று இருந்தது.

அடுத்து என் விரல் என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மேல் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தேன். வழுவழுப்பு போனது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேல்பாதி கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. பூசணமும் இல்லை, படமும் இல்லை! என் கட்டைவிரலில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அந்த வழுவழுப்புதான் படம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிரித்துப் போட்ட அட்டையை எடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் மாமனாரின் பெயர். பக்கத்தில், 'குழந்தையுடன்'.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் போட்டுவிட்டு, அந்தப் படம் பெட்டியில் இல்லை என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். நாற்பதில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அவள் ஒவ்வொரு ஸ்லைடாகத் தேடி ஏமாறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் சந்தையிலிருந்து வந்து பையை இறக்கி வைத்ததுமே சொல்லிவிட்டேன்.

அவள் பிலிமை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தாள். கழுத்துக்குக் கீழே ஒரு ஆள், பச்சைச் சட்டை, இடுப்பில் ஒரு குழந்தை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரம்தான் தெரிந்தது.

"காப்பிக்கொட்டையக் கழுவறாப்புல எங்கப்பனைக் கழுவிப்புட்டீங்களா?" என்றாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் மொபெட்டில் குப்பனூர் வழியாக இரண்டு பேரும் சேலம் இறங்கினோம். கம்ப்யூட்டர் கடையில் இருந்த பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணா, மீதியக் கழுவலீங்களே?" என்றது அந்தப் பெண், பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.

"இனிமே இவரு ஊட்டுல பாத்திரங்கூடக் கழுவ மாட்டாருங்க" என்றாள் என் மனைவி. ஒரு வாரத்தில் அவள் என்னை வைத்துப் பேசிய முதல் வார்த்தை. எனக்கு உயிர் வந்தது.

அந்தப் பெண் ஒவ்வொரு ஸ்லைடையும் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி மெஷினில் வைத்தது. கெட்டுப்போன பிலிமை வைக்கத் தயங்கியது. "அதையும் வைங்க" என்றாள் என் மனைவி. திரையில் பெரிதாக வந்தது. குழந்தை சிவப்புக் கட்டம் போட்ட கவுன் போட்டிருந்தது. அவருடைய பச்சைச் சட்டையில் பை மட்டும் வேறு துணி. அதே சிவப்புக் கட்டம்.

"என்ற கவுனுக்கு எடுத்த துணியில மிச்சத்தை ஜோப்புக்கு வச்சுத் தெச்சிருக்காரு" என்று மெதுவாகச் சொன்னாள்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு படம் போயிருக்கும். காபி காயப்போட்ட களத்தில் பதினோரு ஆண்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்று வந்தது. எல்லோரும் எங்களுக்குத் தெரியாத முகங்கள். அந்தப் பெண் அடுத்ததற்குப் போகப் பார்த்தது.

"நில்லு கண்ணு, நில்லு!" என் மனைவி திரையைத் தொட்டே விட்டாள். "அந்த ஓரத்துல, பச்சச் சட்ட. ஜோப்பப் பெருசு பண்ணு சாமி."

பெரிதாக்கியது. சிவப்புக் கட்டம். அப்படியே மேலே நகர்த்தியது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முன்பல் தெரியச் சிரிக்கிற ஒரு ஆள். என் மனைவி சிரிக்கும்போது வரும் அதே கன்னக்குழி.

"இத்தன வருசம் எங்கீங்கப்பா இருந்தீங்க" என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள். கடைப் பெண் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது.

சி.டி. போடும்போது கழுவிக் கெட்ட படத்தையும் சேர்க்கச் சொன்னாள் மனைவி. களத்துப் படத்துக்கு முன்னால் அது வர வேண்டுமாம். அந்தப் பை இல்லாவிட்டால் அந்த முகம் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டு டி.வி.யில் இன்றும் அந்த வரிசையில்தான் வருகிறது. தலையில்லாத படம் வந்ததும் எங்கள் பிள்ளைகள், "இது அப்பா கழுவின தாத்தா" என்று கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே ஒரு இடம் மட்டும் சிரிக்காது.

காபி கழுவுவதில் இன்றைக்கும் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எனக்குப் பழக்கமில்லாத பொருள் எது கைக்கு வந்தாலும், முதலில் அதன் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் விரலை வைக்கிறேன்.