தறிக்கு ஆகும் கால், பந்துக்கு ஆகாதா?

போன வருடம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காஞ்சிபுரத்தில், என் வலது கணுக்கால் குருத்தெலும்பில் அறுவை சிகிச்சை செய்த அதே மருத்துவமனையில் நடந்தது இது. சிகிச்சை முடிந்து அன்று இருநூற்று எழுபத்திரண்டாவது நாள். எதற்கும் நாள் குறித்து வைப்பது என் பழக்கம்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. பிள்ளையார்பாளையத்தில் நானும் கணவரும் வீட்டிலேயே பட்டு நெய்கிறோம். பள்ளி நாட்களிலிருந்து பூப்பந்து ஆடுகிறேன். கணுக்கால் போனதும் ஆட்டத்தில்தான். ஐந்தாம் மாதம் நான் தறியில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கியபோது வீட்டில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பதாம் மாதம் மட்டையை எடுத்த பிறகுதான் எல்லோருக்கும் என் கால்மேல் அக்கறை வந்தது. டாக்டரே சொல்லட்டும் என்று கணவருடன் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவர், வாலிபால் ஆடுகிறவர். அவருக்கும் இதே சிகிச்சைதான். டாக்டர் வராந்தாவுக்கே வந்து அவரை ஒற்றைக் காலில் குதிக்கவைத்தார், மேட்ச் எப்போது என்று விசாரித்தார். என்னையும் குதிக்கச் சொல்வார், நல்லவேளை சுடிதாரில் வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் என் கணவரிடம் பேசினார்.

“தறி மிதிக்கிறாங்க இல்ல, அதுவே போதும் சார். இந்த வயசுல பந்து எதுக்கு?”

கணவரும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட முடியாது என்றுகூட அவர் சொல்லவில்லை. ஆடி என்ன ஆகப்போகிறது என்றார், அதுவும் என்னிடம் சொல்லவில்லை.

“கால் என்னுது டாக்டர், என்னாண்ட பேசுங்க. அந்தத் தம்பிக்கு வெச்ச டெஸ்ட்ட எனக்கும் வைங்க.”

வராந்தாவிலேயே வைத்தார். இடது காலில் மட்டும் நின்று இருபத்தைந்து முறை குதிகாலைத் தூக்கி இறக்கினேன். வலது கால் பதினான்கிலேயே நடுங்கியது. குதித்து நிற்கச் சொன்னபோது மூன்று முறையும் சுவரைப் பிடித்தேன். வராந்தாவே வேடிக்கை பார்த்தது.

கெண்டைக்காலில் பலம் போதவில்லை, ஆறு வாரம் பந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் இப்போது என்னைப் பார்த்துச் சொன்னார். பயிற்சிகளைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கணவர், “ஃபெயிலாவறதுக்கா இம்மா சண்ட போட்ட?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏழாவது வாரம் தேறினேன். இப்போது ஞாயிறுதோறும் ஆடுகிறேன். ‘இன்னும் முடியாது’ என்று சொன்ன டாக்டரை மனதார மதிக்கிறேன். ‘எதுக்கு’ என்று கேட்ட டாக்டரை, இருவரும் ஒரே ஆள்தான் என்றாலும், இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.