இரும்புக் கண்ணும் மிளகாய் பஜ்ஜியும்

சர்க்கரையால் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிகிறது என்று காஞ்சிபுரத்தில் எனக்கு லேசர் வைத்தார்கள். கண் மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, பசை தடவிய கண்ணாடி வில்லையை அதன்மேல் பதித்துச் செய்தார்கள். வலியே இல்லை. "மரத்தது தெளியற வரைக்கும் கண்ணத் தேய்க்காதீங்க" என்றார் நர்ஸ்.

என் மனைவி கன்னியம்மா மருந்து வாங்க வரிசையில் நின்றாள். அதுதான் சமயமென்று எதிர்க்கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றேன். கண்ணில் பசை பிசுபிசுத்தது. அதே கையால் அழுத்தித் தேய்த்தேன். எரியவே இல்லை! லேசரில் கண் இரும்பாகிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

பஸ் ஓரிக்கையைத் தாண்டும்போது மருந்து தெளிந்தது. நான் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் அடித்தார்.

"இன்னாய்யா ஆச்சி?" என்று என் கையைப் பிடித்த கன்னியம்மா, விரலை மோந்து பார்த்தாள். "பஜ்ஜி துன்னுகினு வந்து கண்ணத் தேச்சியா?"

திரும்பி ஓடினோம். தேய்த்ததில் கருவிழியில் கீறல். "மேலாகத்தான் கீறியிருக்கு, தப்பிச்சீங்க. சுகர் இருந்தா சீக்கிரம் ஆறாது" என்றார் டாக்டர்.

லேசர் ஒரே தடவையில் முடிவதில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு தடவை முடிந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஊர் வரும்வரை இரண்டு கைகளையும் கன்னியம்மாவிடம் ஒப்படைத்துவிடுகிறேன். இந்த வயதில் இவ்வளவு அன்னியோன்யமா என்று பஸ்ஸே எங்களைப் பார்க்கிறது.

- ஏழுமலை, மானாம்பதி