சத்தம் அடங்கிய சைலன்சர்

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளைஞர் தன் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறு எதையோ மாட்டியிருக்கிறார். வண்டியைக் கிளப்பினால் எங்கள் சமையலறைப் பாத்திரங்கள் நடுங்குகின்றன. போன வாரம் தெருக்காரர்கள் புகார்க் கடிதத்தோடு கையெழுத்துக்கு வந்தார்கள். பேனாவை வாங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற வண்டியிலிருந்து எண்ணெய் கருகிய வாசனை படியேறி வந்தது. கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "சாருக்குக் காது மந்தம் போல" என்று இறங்கும்போது ஒருவர் சொன்னது நன்றாகவே கேட்டது.

அந்த வாசனை எனக்கு மரக்காணத்தில் பழக்கம். எழுபதுகளின் நடுவில் அங்கே ஓர் உப்பளத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வரப்பைச் சுற்றிவந்து, வேலை நடக்கிறதா என்று பார்த்து முதலாளியிடம் சொல்லவேண்டும், அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்ததால் எனக்கு அந்த வேலை. எட்டாவதோடு நின்ற என் சிநேகிதன் ஏழுமலைக்கு, பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினை ஓட்டும் வேலை. மூளையைப் பார்த்து வேலை கொடுத்திருந்தால் என் இடத்தில் அவன் இருந்திருப்பான். அவன் மனைவி அஞ்சலை அதே உப்பளத்தில் கூடை சுமந்தாள்.

பாண்டிச்சேரியில் ஒருவரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தேன். ஓடியது, ஆனால் சத்தம் ஆஸ்துமாக்காரர் இருமுவதுபோல இருந்தது. சூப்பர்வைசர் வருகிறார் என்று ஊருக்குத் தெரியவேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஏழுமலை சைலன்சரின் பின்முனையைக் கழற்றி, உள்ளே இருந்த குழாயை உருவினான். ஓட்டையெல்லாம் கரி அடைத்து, தொட்டால் கையில் பிசினாக ஒட்டியது.

"இன்னாடா இது, அடுப்புக்குள்ள கெடந்த மாதிரி?" என்றான்.

பனைமட்டையை மூட்டி அதில் போட்டுச் சுட்டோம். புகை கொடியில் காய்ந்த துணிக்கெல்லாம் போய், அம்மாவிடம் இருவரும் திட்டு வாங்கினோம். பிறகு அவன் ரம்பத்தால் அந்தக் குழாயைப் பாதியாக அறுத்து மாட்டினான். ஒரே உதை. வேலியில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அஞ்சலை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"போடா, நீ வர்றது அனுமந்தை ஊரு வரைக்கும் கேக்கும்" என்றான் ஏழுமலை.

அதன்பிறகு நான் எப்போது போனாலும் உப்பளத்தில் ஒருவரும் உட்கார்ந்திருந்ததில்லை. எல்லாரும் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். என் மேல் அவ்வளவு மரியாதை என்று நம்பினேன். அந்த வயதில் எதையும் நம்பலாம்.

முதலாளிதான் விளக்கினார். "ஏம்பா, நீ வர்றது கால்வா பாலத்துலயே கேக்குது. உக்காந்திருக்கிறவன்லாம் எழுந்துக்கிறான். நீ சூப்பர்வைசரா, சங்கு ஊதுறவனா? சத்தமில்லாம போ. உக்காந்திருக்கிறதுல ஒரு பேரு எனக்கு வேணும். ஒருத்தரை நிறுத்தினா மத்தவங்க ஒழுங்காயிடுவாங்க."

ஏழுமலையிடம் போய், "போலீஸ்காரங்க புடிக்கிறாங்கடா, பழையபடி மாட்டிக் குடு" என்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. தன் லீவு நாளில் திண்டிவனம் போய், பழைய இரும்புக் கடையில் தேடி, முழுக்குழாய் ஒன்று கொண்டுவந்தான். மாட்டிய பிறகும் திருப்தியில்லை. இணைப்பில் காற்று கசிகிறது என்று மறுபடி கழற்றி, தகரம் சுற்றி இறுக்கினான். புதிதாக இருந்தபோதுகூட அந்த வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியிருக்காது.

"இப்ப பூனை மாதிரி போவும் பாருடா."

மறுநாள் பதினோரு மணி. உப்பு வெயிலில் கண்ணைக் குத்தியது. பாலம் தாண்டினேன், யாரும் திரும்பவில்லை. உப்புக் குவியலின் நிழலில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் ஆறு பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். அஞ்சலையால் சட்டென்று எழ முடியவில்லை, ஆறு மாதம். உப்பில் வெடித்த பாதங்களை நீட்டி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பயப்படவும் இல்லை. வந்தது நான்தானே.

"இன்னாண்ணா, வண்டி சத்தத்தையே காணோம்?" என்று சிரித்தாள்.

சாயங்காலம் முதலாளி பெயர் கேட்டார். யாரும் உட்காரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அஞ்சலை என்றேன். பிரசவத்துக்கு எப்படியும் நின்றுவிடப் போகிறவள், ஏழுமலை என்னைத் தப்பாக நினைக்கமாட்டான், இப்படியெல்லாம் வழிநெடுக யோசித்து வைத்திருந்தேன். அடுத்த நாளே அவளை நிறுத்திவிட்டார்கள்.

அன்று மாலை ஏழுமலை எங்கள் வீட்டு வேலியோரம் வந்து நின்றான். கையில் எஞ்சின் எண்ணெய்கூடக் காயவில்லை.

"போலீசுன்னு சொன்னியேடா."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் எஞ்சின் கொட்டகைச் சாவியை ஒப்படைத்துவிட்டு இருவரும் ஊரை விட்டே போய்விட்டார்கள். நிறைமாதம் வரை அவள் ஒரு செங்கல் சூளையில் கல் சுமந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, கோட்டக்குப்பத்தில் அவன் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பது தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதென்று முடிவுசெய்து, வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். கடைக்குள் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கி வைத்திருந்த அஞ்சலை, என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க சார். வண்டியில இன்னா வேலை?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்..."

"அப்ப கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க சார். பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

நிறுத்தவில்லை. அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

உப்பளத்தின் அந்தப் பக்கம் இப்போது கல் நட்டு மனைகளாகக் கிடக்கிறது. முதலாளி போய்ச் சேர்ந்தார். கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது ஏழுமலையின் கடை இருந்த வரிசை முழுவதையும் இடித்துவிட்டார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று பல இடங்களில் விசாரித்தேன் என்று எழுதத்தான் ஆசை. விசாரிக்கவில்லை.