நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸில் வந்த மணல்

வெளிநாட்டு வேலைக்கு வந்து மூன்று மாதமாகியும் அந்தப் பெருநகரத்தில் அவள் பார்த்தது இரண்டே இடம்: பஸ் டிப்போ, அதன் பின்னால் இருந்த பெண்கள் விடுதி. காலை நெரிசல் முடிந்து பஸ்கள் திரும்பும்போது அவளுக்கு வேலை தொடங்கும். ஒரு பஸ்ஸுக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் பெருக்கி, சீட்டுக்கடியில் ஒட்டிய சூயிங்கத்தைச் சுரண்டி, மாப் போட்டு இறங்கிவிட வேண்டும். மாலையில் அறைக்கு வந்தால் இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். தன் பக்கெட்டை யாருக்கும் தரமாட்டாள் என்பதால் விடுதியில் அவளுக்குப் ‘பக்கெட்டக்கா’ என்று பேர்.

பிள்ளைகள் இருவரும் ஊரில் தங்கையிடம் இருந்தார்கள். தங்கை போனில் கேட்பாள்.

“ஏங்க்கா, அவ்ளோ பெரிய ஊராச்சே, சுத்திப் பாத்தியா?”

“பாத்தேன், பாத்தேன்.”

“கடலு?”

“அதுவுந்தான்.”

“அப்ப ஒரு போட்டோ அனுப்பேன். பசங்க கேட்டு உயிர வாங்குதுங்க.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததே இல்லை. விமானத்தில்கூட நடு சீட்டுதான் கிடைத்தது.

நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸில் மட்டும் தினமும் மணல் கிடக்கும். பெருக்கப் பெருக்க வரும். அந்த பஸ் போய் நிற்கிற இடத்தில்தான் கடல் இருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. மூன்று மாதமாக இங்கே இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்று சிரித்துவிட்டால்?

அடுத்து வந்த இரண்டு வாராந்திர விடுமுறைகளும் தூக்கத்திலேயே போயின. மூன்றாவதில் எழுந்து, தலை சீவி, இருந்ததில் நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தினமும் துடைக்கிற சீட்டில் அன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்தாள். பெரிய கடைகள், ஒரு பாலம், பள்ளிக்கூட மதில் வரைக்கும் பார்த்தது நினைவிருக்கிறது. அப்புறம் கண் சொக்கிவிட்டது.

டிரைவர் சீட்டைத் தட்டி எழுப்பினார். அவர் பேசியது புரியவில்லை. கை காட்டியதை வைத்து, இறங்கச் சொல்கிறார் என்று தெரிந்தது.

இறங்கினால் கடல் இல்லை. பாதி கட்டிய அடுக்குமாடிகள், வரிசையாக லாரிகள், ஒரு வீட்டு உயரத்துக்கு மணல் குவியல். நிறுத்தத்தில் பூட்ஸை உதறிக்கொண்டு வேலையாட்கள் நின்றார்கள். இதைத்தான் இத்தனை நாளும் குனிந்து குனிந்து பெருக்கினோமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அங்கேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பி கட்டும் தொழிலாளி ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். “யாரைம்மா தேடுறீங்க?”

“கடலப் பாக்கலாம்னு வந்தேங்க.”

அவர் சிரிக்கவில்லை. “அது ஊருக்கு அந்தப் பக்கம்மா. ரெண்டு பஸ் மாறணும். ரெண்டு மணி நேரமாவது ஆகும்.”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“எங்க! வந்து நாலு வருஷமாச்சு. லீவு கெடச்சா தூங்கத்தான் தோணுது.” தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

தண்ணீர் குடித்ததும் தங்கையைக் கூப்பிட்டாள்.

“நான் இங்க எதையுமே பாக்கலடி. டிப்போவும் ரூமும்தான் தெரியும். தப்பான பஸ் ஏறி எங்கியோ வந்து உக்காந்திருக்கேன்.”

“பின்ன ஏன் பாத்தேன்னு சொன்ன?”

“நீங்கல்லாம் சந்தோஷப்படுவீங்கன்னுதான்.”

 “போக்கா... மொதல்ல சாப்ட்டியா?” என்றாள் தங்கை.

அவள் மணல் குவியலைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதில் ஏறி விளையாட விடுவார்களா என்று பிள்ளைகள் கேட்டார்களாம். திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது.

கடலை அவள் பார்த்தது அடுத்த வருடம். விடுதித் தோழி ஒருத்தி வழி தெரியும் என்று கூட்டிப்போனாள். இரண்டு பஸ், கடைசியில் கொஞ்சம் நடை. கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவள், நாலைந்து அலை பார்த்திருப்பாள். அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். பாவமாக இருந்ததால் தோழி எழுப்பவில்லை.