குருவிக்குத் தலை போன ஜன்னல்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவுக்கு அவள் சைரன். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் பதினான்கு வருஷமாக ராத்திரி வேலை, குரலும் அதற்கேற்ற மாதிரி. அவள் ஓர் அதட்டல் போட்டால் மறுமுனையில் மயங்கிக் கிடப்பவரே எழுந்து உட்கார்ந்து விலாசம் சொல்லுவார் என்பார்கள். ஒருவர் பயந்துபோய், வண்டிக்குக் காத்திராமல் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாராம். அவருக்குக் கால் உடைந்திருந்தது என்றும் சொல்கிறார்கள். அதை மட்டும் நான் முழுசாக நம்பவில்லை.

காலை எட்டு மணிக்கு வீடு திரும்புவாள். எட்டரைக்குப் படுத்தால் ஒன்றரை வரை தூங்க வேண்டும். படுக்கையறை ஜன்னலோ கிழக்கு பார்த்தது. வெயிலுக்கு அந்த வீட்டில் வேறு வேலையே இல்லாத மாதிரி நேரே அவள் கட்டிலுக்கு வந்து உட்காரும். ஒரு கட்டம் போட்ட பழைய போர்வையைப் பதினோரு துணிக் கவ்விகளால் ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்திருந்தாள். காற்றடித்தால் ஒரு கவ்வி தெறிக்கும், கூடவே அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் தெறிக்கும்.

அந்தப் போர்வைக்கு ஒரு ஜென்ம விரோதி இருந்தாள். சைரனின் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா. தெருவின் எதிர்ப் பக்கத்து மாடியில் குடியிருந்தாள். வீட்டு அலங்காரம் பற்றி மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்து, கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவள். அவள் கூடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே தெரிவது தம்பி வீட்டுப் படுக்கையறை ஜன்னல்.

“உன் போர்வையப் பாத்துக்கிட்டுத்தான் நான் தினமும் காபி குடிக்கிறேன். வர்றவங்க எல்லாம் எதிர் வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேக்குறாங்க.”

“ஆமா அண்ணி, எனக்குத்தான். தூக்கம் இல்லாத வியாதி.”

போன மாதம் அந்த வியாதி முற்றியது. நெஞ்சு வலி என்று ஒரு கிழவரின் வீட்டிலிருந்து அழைப்பு. கதவு எண் பதினேழு என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். இவள் கை எழுபத்தொன்று என்று பதிந்தது. வண்டி ஒன்பது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கிழவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மேற்பார்வையாளர் இவளைத் தனியே கூப்பிட்டார்.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்கள போன் மேஜையில வைக்க முடியாது. கோப்பு அடுக்குற அறைக்குத்தான் அனுப்பணும்.”

“சரிங்க” என்றாள் சைரன், தாழ்ந்த குரலில். அந்த அலுவலகச் சரித்திரத்தில் அது முதல் தடவை. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அது, அவள் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிற ஒரே வேலையும் அதுதான். அன்றைக்கே வீட்டுக்கு வராமல் திரைத் துணிக் கடைக்குப் போனாள்.

திரைக்காரர் ஒல்லியானவர், காதில் பென்சில்.

“எந்த அறைக்கும்மா?”

“தூங்குற அறைக்கு.”

“அப்ப பூப் போட்டது காட்டட்டுமா? கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்.”

“எனக்குக் கண்ணு இருக்கறதே மறந்து போகணும். அந்த மாதிரி ஒண்ணு காட்டுங்க.”

ஒவ்வொரு துணியாக எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, டியூப் லைட்டைப் பார்த்து நின்று சோதித்தாள். முப்பத்திரண்டு துணி. துணிக்குள்ளிருந்து “இல்ல, தெரியுது” என்று வந்த குரலைக் கேட்டு, வாசல்வரை வந்த இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். முப்பத்து மூன்றாவது, காபிப் பொடி நிறத்தில் கனத்த துணி. பின்னால் கறுப்பு உள்துணி வைத்துத் தைக்கலாம் என்றார் திரைக்காரர். அதைப் போர்த்தியவள் நின்றபடியே கொஞ்சம் தூங்கிவிட்டாள் என்று கேள்வி. கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலே ஏறுகிற திரையாகத் தைக்கச் சொன்னாள். மறுநாள் வந்து ஜன்னலை அளப்பதாகப் பேச்சு.

மறுநாள் திரைக்காரர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஆறாம் நாள் காலை வீட்டுக்கு வந்தால் போர்வையைக் காணோம். அதன் இடத்தில் சந்தன நிறத்தில் மெல்லிசான திரை ஒன்று, அதில் கொத்துக் கொத்தாக நீலக் குருவிகள். எல்லாம் குனிந்து தரையைக் கொத்திக்கொண்டிருந்தன. வெயில் பின்னாலிருந்து அடித்ததில் சினிமாத் திரை மாதிரி ஜொலித்தது. அலமாரிப் பூட்டின் துவாரம்கூடத் தெரிந்தது.

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“எப்படி? நான்தான் கடைக்கு போன் பண்ணி அந்த எருமைத் தோல வேண்டாம்னுட்டேன். சோபா உறைக்கு இதுதான் பொருத்தம். அளவுகூட நானே எடுத்தேன், என் தையல் டேப்பால.”

“சோபா கூடத்துல இருக்கு அண்ணி. இது நான் தூங்குற இடம்.”

“தூங்கறப்ப கண்ண மூடிட்டுத்தானே இருப்ப? மூடின கண்ணுக்கு எதுக்கு இருட்டுத் திரை?”

சைரனின் காது மடல் சிவந்தது. அவள் கோபப்பட்டால் மூன்று தெரு தள்ளிப் பால் திரிந்துபோகும் என்பார்கள். அன்றைக்கு எத்தனை வீட்டில் திரிந்ததோ.

“நான் தேர்ந்தெடுத்தத வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தது? ராத்திரி பூரா சாகக் கிடக்கறவங்களோட பேசிட்டு வர்றேன். எனக்கு அஞ்சு மணி நேரம் இருட்டு வேணும். நகை கேட்டேனா, பட்டு கேட்டேனா? இருட்டு. உலகத்துல ஓசியில கிடைக்கற ஒரே சாமான்.”

வீட்டுக்காரர் அலுவலகத்துக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

“ரெண்டு பேரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்களேன்” என்றார், ஏதோ அடுத்த ஊர்த் தகராறு மாதிரி.

“நீங்க எந்தப் பக்கம்?”

“எனக்கு நேரமாச்சு” என்றார். பதினான்கு வருஷமாக அவர் அந்தப் பக்கம்தான்.

சைரன் படுத்தாள். வெளிச்சம் துணி வழியாக வந்தது போதாதென்று இரண்டு ஓரமும் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதில் ஒரு கோடு வெயில் நுழைந்து அவள் முகத்தில் நடந்தது. ஒன்பதுக்கு இடது கண், ஒன்பதே முக்காலுக்கு மூக்கு, பத்தரைக்கு வலது கண். இனிமேல் அந்த வீட்டில் கடிகாரம் தேவையில்லை, அவள் முகத்தைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். பதினோரு மணிக்கு எழுந்து வெறியோடு கயிற்றை இழுத்தாள். திரை மடிந்து ஏறியது. ஒவ்வொரு மடிப்பும் சரியாகக் குருவிகளின் கழுத்தில் விழுந்தது. தலையெல்லாம் மடிப்புக்குள் போய், வாலும் வயிறும் மட்டும் வரிசையாகத் தொங்கின.

அவள் இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். மறுபடி தலை போயிற்று. எதிர் மாடியை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு திரையைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, போட்டிருந்த நைட்டியோடு, சீவாத தலையோடு கடைக்கு நடந்தாள். பேருந்துகள் வழி விட்டன.

“யார் போன் பண்ணினாலும் என் துணிய மாத்திடுவீங்களா?”

“உங்க வீட்ல இருந்து பேசறோம்னாங்கம்மா. அளவும் அவங்களே கொடுத்துட்டாங்க.” திரைக்காரர் திரையை விரித்து டேப் வைத்தார். “எந்த இடத்துல அளந்தாங்களாம்? மேலே, நடுவுல, கீழேன்னு மூணு இடத்துல அளக்கணும். மூணும் ஒண்ணா வர்ற ஜன்னல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. தையல் டேப் வேற பழசானா இழுத்துக்கும், அளவு குறைச்சலாக் காட்டும். அதோட, இருட்டு வேணும்னா சட்டத்துக்கு உள்ள மாட்டவே கூடாது. வெளியே, சுவர்ல மாட்டி, ரெண்டு பக்கமும் நாலு அங்குலம் கூட விடணும். வெளிச்சம் தண்ணி மாதிரிம்மா, ஓரத்துலதான் ஒழுகும்.”

“அந்தக் காபிப் பொடித் துணி இருக்கா?”

“இருக்கு.”

“அத நீங்க சொன்ன அளவுக்குத் தைங்க. நடுவுல கறுப்பு உள்துணி. அதுக்குப் பின்னால இந்தக் குருவி, தெருவப் பாத்து.”

“நல்ல பக்கம் தெருவுக்கா? யாரும் அப்படித் தைக்க மாட்டாங்களேம்மா.”

“மடிப்பு மட்டும் இப்ப இருக்கற இடத்துலயே விழணும். ஒரு நூல்கூட நகரக்கூடாது.”

நாத்தனாரிடம் அவள் சொன்னது ஒரே வரி. “குருவி உங்க பக்கமே பாக்கட்டும் அண்ணி, உங்க தேர்வு இல்லையா?” நாத்தனார் குளிர்ந்துபோனாள். திரை மாட்டிய மறுநாளே நான்கு பேரைக் காபிக்குக் கூப்பிட்டு, எதிர் ஜன்னல் தெரியும்படி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டாள்.

சைரன் அன்று காலையில் படுக்கவில்லை. எதிர்க் கூடத்தில் நாற்காலிகள் நிறைகிறவரை காத்திருந்தாள். பத்து மணிக்குக் கயிற்றைப் பிடித்துத் திரையைப் பாதிக்கு ஏற்றி, முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

பதினெட்டுக் குருவிகளுக்கு ஒரே நேரத்தில் தலை போயிற்று. எதிர் மாடியிலிருந்து முதலில் ஒரு சிரிப்பு, பிறகு மூன்று. “இது என்ன, கசாப்புக் கடைத் திரையா?” என்று ஒருத்தி கேட்டது தெருவுக்கே கேட்டது.

நாத்தனார் சைரன் வீட்டுப் படியில் ஏறி வந்த வேகத்தில் மூன்று படிகளில் விரிசல் விட்டது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். அன்று லீவு போட்டு வீட்டிலிருந்த வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார்.

“இறக்கு, இறக்கு அத. மானம் போகுது.”

“காத்து வரட்டும்னு ஏத்தினேன் அண்ணி. பகல்ல வீட்ட இருட்டா வச்சிருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

“ஒரு காத்தும் வேண்டாம். பகல் பூரா இறக்கியே இருக்கணும். சாயந்திரம் நான் விளக்கு வச்சப்புறம் வேணா ஏத்திக்கோ.”

“பகல் பூராவா?”

“பகல் பூரா. இனிமே நானே பாத்துக்கிட்டு இருப்பேன்.”

“உங்க இஷ்டம் அண்ணி.”

நாத்தனார் போனபின் வீட்டுக்காரர் சிரித்தார். “கெட்டிக்காரிதான் நீ. ஜெயிச்சுட்டியே.”

சைரன் சிரிக்கவில்லை.

“என்னத்த ஜெயிச்சேன்? குருவித் தலை போச்சுன்னதும் செருப்புகூடப் போடாம ஓடி வந்தாங்க உங்க அக்கா. பதினாலு வருஷமா என் தலை வெடிக்குது. எதிர் வீட்ல இருந்து அவங்களும் வரல, அடுத்த அறையில இருந்து நீங்களும் வரல. துணியில இருக்கற குருவி அளவுக்குக்கூட நான் இல்ல இந்த வீட்ல. அத நெனச்சுக்கிட்டே கிளம்புங்க.”

“எங்க கிளம்பறது? இன்னிக்கு லீவு.”

“கூடத்துக்கு.”

அவர் கூடத்துக்குப் போனார். சற்று நேரத்தில் உள்ளே வந்து, கயிற்று முடிச்சை அவிழ்த்துத் திரையைக் கடைசிவரை இறக்கினார். ஓரங்களை உள்ளங்கையால் சுவரோடு அழுத்திப் பார்த்தார். அறை கறுத்தது. வாசலுக்குப் போய் அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிப் போட்டார். இருட்டில் அவளுக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

கோபம் தீரவில்லை. அதோடேயே தூங்கிப்போனாள். எதிர் மாடியில் ஒருத்தி சாயந்திரம் வரை கண் கொட்டாமல் அந்தத் திரைக்குக் காவல் இருந்தாள்.